காத்திருக்க வைக்காத வகுப்பு: மழலையர் ஆசிரியராகத் தொடங்குபவர்களுக்கு

மழலையர் வகுப்பில் ரகளை பெரும்பாலும் கதையின் நடுவிலோ விளையாட்டின் நடுவிலோ வருவதில்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வரும் நான்கைந்து நிமிடங்களில்தான் வருகிறது. ஆசிரியர் அலமாரிக்குள் பசை டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார். இருபது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான்கு வயதுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஒருவன் பக்கத்தில் இருப்பவளின் சடையை இழுப்பான், இன்னொருத்தி மேஜைக்கு அடியில் போய்விடுவாள். ஆசிரியர் திரும்பிப் பார்க்கும்போது ‘ஒழுக்கப் பிரச்சினை’ ஒன்று முளைத்திருக்கும். அது உண்மையில் பசை டப்பாப் பிரச்சினை.

அதனால் இங்கே ஒழுங்கு என்று சொல்வதற்கு இரண்டே அளவுகோல்கள்: பிள்ளைகள் வேலையில்லாமல் காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும், ஆசிரியரின் கண் பிள்ளைகளை விட்டு விலகும் நேரம் குறைய வேண்டும். சுவர் அலங்காரம் இந்த இரண்டில் எதற்கும் உதவாது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 3 முதல் 6 வயது வரையிலான 20 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்ற கணக்கில் கீழே உள்ளவை சொல்லப்பட்டுள்ளன. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு பிள்ளைக்கு ஒரு தாள்

வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோரிடமிருந்து வாங்க வேண்டியவை இவை. பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எந்தச் சொல்லால் சொல்லும், எந்த உணவோ மருந்தோ ஒவ்வாது, ஒவ்வாமை வந்தால் உடம்பில் என்ன தெரியும், அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் யார் யார், பகலில் நிச்சயம் எடுக்கப்படும் இரண்டு தொலைபேசி எண்கள்.

கழிப்பறைச் சொல் அற்ப விஷயம்போலத் தோன்றும். முதல் வாரத்தில் உடை நனையும் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் இருந்தவர்கள் அல்ல. சொன்னார்கள், டீச்சருக்குப் புரியவில்லை.

இந்தத் தாள்களை ஒரே ஃபைலில் பெயர் வரிசைப்படி வையுங்கள். அதிலிருந்து வகுப்பு முழுவதற்கும் ஒரு பக்கச் சுருக்கம் தயாரித்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஃபைலின் முதல் பக்கத்துக்கு, ஒன்று உதவியாளருக்கு, ஒன்று கதவருகே தொங்கும் அவசரப் பைக்கு. அந்தப் பையில் முதலுதவிப் பொருட்கள், விசில், பேனா, கையுறை, ஈரத்துடைப்பான், டிஷ்யூ இருக்கட்டும். வெளியே விளையாடப் போனாலும் தீப்பயிற்சி மணி அடித்தாலும் கையில் எடுப்பது அந்த ஒரு பையைத்தான். ஒவ்வாமைப் பட்டியலை வருவோர் போவோர் படிக்கும் இடத்தில் ஒட்டாதீர்கள். சிற்றுண்டி பரிமாறுபவர் திறக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் அதற்குச் சரியான இடம்.

இரண்டாம் படி: அறையைத் தரையிலிருந்து பாருங்கள்

அறையின் நடுவே தரையில் உட்காருங்கள். உங்கள் கண் இப்போது இருக்கும் உயரத்தில்தான் பிள்ளைகளின் உலகம் இருக்கிறது. அங்கிருந்து தெரியாத படம் அவர்களுக்கு இல்லாத படம். கைக்கு எட்டாத பொம்மை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டிய பொம்மை, அதாவது இன்னொரு காத்திருப்பு.

நாற்காலி வாங்கும் வாய்ப்பு உங்களிடம் இருந்தால் அளவு பார்த்து வாங்குங்கள். பள்ளித் தளவாடங்களுக்கான ஐரோப்பிய நியமம் ஈஎன் 1729 படி, 93 முதல் 116 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 26 செ.மீ., மேஜை 46 செ.மீ.; 108 முதல் 121 செ.மீ. வரை என்றால் 31, 53. பாதம் தரையில் படாமல் தொங்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் நெளியத் தொடங்கும். அதைக் கவனக்குறைவு என்று எழுதிவைப்பவர்களும் உண்டு.

ஒவ்வொரு வகை விளையாட்டுக்கும் அறையில் ஒதுக்கும் இடத்தைத்தான் மூலை என்கிறோம். மூலைகள் ஐந்து போதும்: கட்டைகள், பாவனை விளையாட்டு, புத்தகம், ஓவியம், புதிர் மற்றும் கைவேலை. சத்தமானவற்றை ஒரு பக்கமும் அமைதியானவற்றை மறுபக்கமும் வையுங்கள். ஓவிய மூலை தண்ணீருக்குப் பக்கத்தில், துடைக்கக்கூடிய தரையில். கட்டை மூலை நடைபாதையில் இருக்கக்கூடாது. யாராவது குறுக்கே நடந்து கோபுரம் சரிந்தால் சண்டை உறுதி. கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை நேராக ஒரு நீண்ட வெற்றிடம் இருந்தால் பிள்ளைகள் அதில் ஓடுவார்கள், எத்தனை முறை சொன்னாலும் ஓடுவார்கள். குறுக்கே ஒரு தாழ்வான அலமாரியை நகர்த்துங்கள், பாதி ஓட்டம் நின்றுவிடும். எந்தத் தடுப்பும் உங்கள் இடுப்புக்கு மேல் வேண்டாம். எங்கே நின்றாலும் எல்லாத் தலைகளும் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு மூலையிலும் எத்தனை பேர் என்பதை நீங்கள் நாள் முழுவதும் அறிவித்துக்கொண்டிருக்க முடியாது. மூலைக்கு நான்கு கொக்கி மாட்டி, பிள்ளைக்கு ஒரு பெயர் அட்டை கொடுங்கள். காலிக் கொக்கி இருந்தால் அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போகலாம், இல்லையென்றால் வேறு மூலை. இந்தக் கணக்கு அவர்களுக்கு இரண்டு நாளில் புரிந்துவிடும். 5 மூலை, 4 கொக்கி என்றால் சரியாக 20 இடம். அது போதாது, எல்லா இடமும் நிரம்பியிருந்தால் யாராலும் மாற முடியாது. ஒரு மேஜையில் மாவு உருண்டையோ மணி கோப்பதோ வைத்து நான்கு இடம் கூடுதலாக ஏற்படுத்துங்கள்.

கையிருப்பில் உள்ள விளையாட்டுப் பொருட்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியே வையுங்கள். எல்லாவற்றையும் பரப்பினால் பிள்ளைகள் எதிலும் நிலைக்க மாட்டார்கள், கொட்டிக் கவிழ்ப்பதே விளையாட்டாகிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிலவற்றை மாற்றுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் படமும் பெயரும் சேர்ந்த ஒட்டுத்தாள், அதேபோல் ஒன்று அந்தப் பெட்டி இருக்க வேண்டிய அலமாரித் தட்டில். கட்டைகளுக்குப் பெட்டி வேண்டாம். ஒவ்வொரு அளவுக் கட்டையின் வெளிக்கோட்டையும் தாளில் வரைந்து தட்டில் ஒட்டினால், எடுத்துவைப்பதே பொருத்தும் விளையாட்டு ஆகும்.

3 வயதினர் அதிகம் உள்ள வகுப்பு என்றால் பத்து வகைப் பொம்மையைவிட ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவது மேல். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது குறித்துவைத்தது இன்றும் எந்த வகுப்பிலும் கண்ணில் படும்: சிறு வயதில் ஒன்றாக விளையாடுவதைவிட, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரேமாதிரிப் பொருளைத் தனித்தனியே விளையாடுவது அதிகம். ‘பகிர்ந்துகொள்’ என்று ஒரே ஒரு சிவப்பு லாரியைக் காட்டி உபதேசம் செய்வதற்குப் பதில் இரண்டாவது லாரி வாங்கிவிடுங்கள். 3 வயது நிரம்பாத பிள்ளை ஒன்று இருந்தாலும் சிறு பொருட்களைச் சோதியுங்கள். டிஷ்யூ சுருளின் நடுக்குழாய்க்குள் முழுதாக நுழையும் எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

மூன்றாம் படி: மேஜைப் பெட்டிகள்

நான்கு பேர் உட்காரும் மேஜைக்கு ஒரு கைப்பிடிப் பெட்டி. அதில் க்ரேயான் 16 முதல் 20 வரை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் 4, குச்சிப் பசை 4, தடித்த முக்கோணப் பென்சில் 4. ஐந்து மேஜை என்றால் ஐந்து பெட்டி, ஆறாவது ஒன்று உங்கள் அலமாரியில் மாற்றாக. பொருள் வினியோகிக்கும் நேரம் இதனால் அடியோடு போய்விடுகிறது.

உடைந்த க்ரேயானைத் தூக்கிப் போடாதீர்கள். 3–4 செ.மீ. துண்டை முழு உள்ளங்கையால் பிடிக்க முடியாது, விரல்நுனிகளால்தான் பிடிக்க முடியும். எழுதும் பிடிக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்பதால் இடக்கைக் கத்தரிக்கோல் குறைந்தது இரண்டு வேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகிக் காகிதம் மடங்கும், வெட்டும் கோடும் கண்ணுக்குத் தெரியாது.

வெட்டப் பழக்குவதில் பலர் மெல்லிய தாளைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு வரவில்லை என்கிறார்கள். மெல்லிய தாள் அலகுகளுக்கு நடுவே வளைந்து சிக்கும். கொஞ்சம் விறைப்பான தாளில் 2 செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டிக் கொடுங்கள். ஒரே வெட்டில் துண்டாக வேண்டும். அது கைவந்தபின் நேர்கோடு, பிறகு மூலை திரும்புதல், வளைவு கடைசியில். கட்டைவிரல் எப்போதும் மேலே.

திரவப் பசையைக் குப்பியோடு கொடுத்தால் குப்பி காலியாகும் வரை பிழிவார்கள். மூடி ஒன்றில் ஒரு கரண்டி அளவு ஊற்றி, சிறு தூரிகையோடு வையுங்கள்.

மாவு உருண்டையை நீங்களே பிசையலாம்: மைதா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. கையில் ஒட்டினால் மாவு சேர்க்கவும், வெடித்தால் தண்ணீர் சில சொட்டு. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். பிசைவதற்கு முன் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் மைதாவும் கூடாது.

நான்காம் படி: நாளின் ஓட்டம்

மூன்றரை மணி நேர வகுப்புக்கு ஒரு மாதிரி:

வந்து சேர்தல், மேஜை விளையாட்டு – 20 நிமிடம்
வட்ட நேரம் (எல்லோரும் ஆசிரியரோடு வட்டமாக உட்காருவது) – 10
மூலை விளையாட்டு – 55
எடுத்துவைத்தல் – 10
கை கழுவல், சிற்றுண்டி – 25
வெளி விளையாட்டு – 40
கதை – 15
சிறு குழு வேலை – 20
கிளம்புதல் – 15

உட்காரும் வேலைக்குப் பின் உடம்பு அசையும் வேலை, அதன்பின் மறுபடி அமைதி என்று மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். வட்ட நேரத்தை 10 நிமிடத்துக்கு மேல் இழுக்கும் ஆசை எல்லாப் புதியவர்களுக்கும் வரும், ஏனென்றால் பார்ப்பவர்களுக்கு அதுதான் ‘பாடம்’ போல இருக்கிறது. நாள், தேதி, வானிலை, வருகை, எண்ணிக்கை, பாட்டு எல்லாவற்றையும் அங்கே திணித்தால் பின்வரிசை கலைந்துவிடும். மூலை விளையாட்டை மட்டும் 45 நிமிடத்துக்குக் கீழே இறக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் அவர்களுக்கு எங்கே போவது, யாரோடு சேர்வது என்று தீர்மானிக்கவே போகும்.

அட்டவணையைப் படங்களாக ஒட்டி, முடிந்ததைத் திருப்பிவிடுங்கள். ‘அம்மா எப்போ வருவாங்க?’ என்ற கேள்விக்கு மணி சொல்லிப் பயனில்லை. ‘இன்னும் இரண்டு படம்’ என்றால் புரியும்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு வாரம் பழக்கங்கள் மட்டும்

முடிந்தால் முதல் மூன்று நாட்களுக்கு 7, 7, 6 பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒன்றரை மணி நேரம் மட்டும் வரச் சொல்லுங்கள். நிர்வாகம் ஒப்புக்கொள்ளாவிட்டால் வருகை நேரத்தையாவது கால் மணி இடைவெளியில் பிரியுங்கள். அழும் இருபது பேரை ஒரே நேரத்தில் யாராலும் தேற்ற முடியாது. ஒருவர் அழுகை மற்றவருக்குத் தொற்றும்.

பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று: சொல்லிவிட்டுப் போங்கள், நழுவிப் போகாதீர்கள். நழுவிப் போனால் பிள்ளை அன்று சீக்கிரம் அடங்கலாம், ஆனால் மறுநாளிலிருந்து கையை விடாது. எந்த நொடியும் காணாமல் போவார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஓர் அணைப்பு, ‘கதை முடிஞ்சதும் வருவேன்’ என்று ஒரு வாக்கியம், பிறகு திரும்பிப் பார்க்காத நடை. வாசலில் கால் மணி நேரம் நின்று தேற்றுவது அழுகையைக் கால் மணி நேரம் நீட்டும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து கைக்குட்டையோ சிறு புகைப்படமோ கொண்டுவர அனுமதியுங்கள்.

இந்த இரண்டு வாரமும் எழுத்து, எண் எதையும் துரத்தாதீர்கள். பை எங்கே மாட்டுவது, மூலையை எப்படி மாற்றுவது, கை எப்படிக் கழுவுவது என்று ஒவ்வொன்றையும் தனிப் பாடமாக நடத்துங்கள்: நீங்கள் செய்து காட்டி, ஒரு பிள்ளையைச் செய்யவைத்து, பிறகு எல்லோரும். கை கழுவலில் சோப்பு போட்டுத் தேய்ப்பது 20 நொடி. திறப்பது, அலசுவது, துடைப்பது சேர்த்தால் ஒருவருக்கு 40 நொடி. குழாய் ஒன்றே ஒன்று என்றால் இருபது பேருக்குப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வரிசையில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு பேர் கழுவட்டும், உதவியாளர் குழாயருகே, மீதிப் பதினாறு பேர் உங்களோடு பாட்டில்.

ஆறாம் படி: மாறும் நேரங்கள்

ஒரு நாளில் எட்டு மாற்றம், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வீணானால் நாற்பது நிமிடம் போய்விடும். மற்ற எதையும்விட இதைத் திட்டமிடுவதுதான் பலன் தரும்.

ஐந்து நிமிடம் முன்பே மூலை மூலையாகப் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள், அறையின் நடுவிலிருந்து கத்த வேண்டாம். விளையாட்டில் மூழ்கியவருக்குப் பொது அறிவிப்பு காதில் ஏறாது. எடுத்துவைக்க எப்போதும் ஒரே பாட்டு. ‘எல்லாத்தையும் எடுத்து வைங்க’ என்பது யாருக்கும் இட்ட வேலை ஆகாது. ‘நீ நீளக் கட்டைகள், நீ வண்டிகள்’ என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். அடுத்த இடத்துக்கு எல்லோரையும் ஒன்றாக எழுப்பாதீர்கள். ‘நீலச் சட்டை போட்டவங்க’, ‘ம-வில் பெயர் தொடங்குறவங்க’ என்று நாலைந்து பேராக அனுப்பினால் கதவில் நெரிசல் இருக்காது.

இடம் மாறும்போதெல்லாம் தலை எண்ணுங்கள். கிளம்புமுன், போய்ச் சேர்ந்ததும், திரும்பக் கிளம்புமுன், வகுப்புக்குள் வந்ததும் என நான்கு முறை. எண் மட்டும் போதாது. பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று கலந்து, உங்கள் பிள்ளை ஒன்று விடுபட்டாலும் இருபது சரியாகவே வரும். பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

எதிர்பாராத இடைவெளிகளுக்கு ஏப்ரன் பையில் எப்போதும் மூன்று பொருள்: ஒரு விரல் பொம்மை, பத்துப் படச் சீட்டுகள், விடுகதைகள் எழுதிய ஒரு தாள்.

பேசுவதும் கேட்பதும்

விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். அவையும் செய்ய வேண்டியதைச் சொல்லட்டும்: உள்ளே நடப்போம், கையை நம்மிடம் வைத்துக்கொள்வோம், ஒருவர் பேசும்போது கேட்போம். முரண்டு பிடிக்கும் பிள்ளையிடம் ‘இப்போ செருப்பு போடுறியா?’ என்று கேட்காதீர்கள், ‘மாட்டேன்’ என்ற பதிலுக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். ‘முதலில் எந்தக் கால், வலதா இடதா?’ என்று கேளுங்கள். அடம்பிடித்து உருளும்போது அறிவுரை எதுவும் உள்ளே போகாது. பக்கத்தில் இருங்கள், அடிபடாமல் பாருங்கள், அடங்கியபின் இரண்டே வாக்கியம் பேசுங்கள்.

வகுப்பில் நல்ல காத்திருப்பு என்று ஒன்று உண்டென்றால் அது ஆசிரியருடையது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பொதுவாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய்திறக்காதவர்களும் பேசினார்கள். மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்த வார்த்தையைப் பேசுங்கள்.

எழுத்து தொடங்கும் நேரம்

முதல் வாசிப்புச் சொல் பிள்ளையின் சொந்தப் பெயர். பை மாட்டும் கொக்கி, நாற்காலி, ஃபைல், மூலை அட்டை எல்லாவற்றிலும் அதே வடிவில் எழுதிவிடுங்கள். தமிழ் எழுத்துகளை எழுதப் பழக்கும்போது அகர வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அ, ஆ, இ மூன்றும் சுழியும் வளைவுமாக இருப்பவை, பிஞ்சு விரலுக்குக் கடினம். நேர்கோடுகளாலான ட, ப-வில் தொடங்கி ம, ய என்று போய், வளைவுகள் கைவந்தபின் உயிரெழுத்துக்கு வரலாம். பாட்டில் அகர வரிசை தாராளமாக ஓடட்டும், அது காதுக்கான வேலை.

ஏழாம் படி: கவனிப்புக் குறிப்பு

ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள். பத்து வேலை நாளில் இருபது பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். யார் எந்த நாள் என்று முன்பே எழுதிவைக்காவிட்டால் குறும்புக்காரர்களைப் பற்றிப் பத்துக் குறிப்பும் அமைதியானவர்களைப் பற்றி ஒன்றுமில்லாமலும் ஃபைல் நிரம்பும்.

ஒட்டுத்தாளில் தேதி, நேரம், கண்டது மட்டும். ‘கவனம் இல்லை’ என்பது தீர்ப்பு, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘புதிர் மூலையில் 12 நிமிடம், 8 துண்டுப் புதிரை உதவியின்றி முடித்தான், கதை நேரத்தில் மூன்றாம் பக்கத்தில் எழுந்தான்’ என்பது குறிப்பு. பின்வரிசையில் கேட்கவில்லையா, கதை நீளமா என்று அதிலிருந்து யோசிக்க முடியும். அன்றைக்கே அந்தப் பிள்ளையின் ஃபைலில் ஒட்டிவிடுங்கள். மேஜை டிராயரில் சேரும் ஒட்டுத்தாள் பிறகு யாருடையது என்றே தெரியாமல் போகும்.

பெற்றோரோடு

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போயிருக்க வேண்டும், இரண்டு வரி போதும். பிறகு ஒரு பிரச்சினை பேச வேண்டி வரும்போது உங்கள் குரலை அவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். வாசலில், மற்றவர்கள் முன், பிள்ளையின் தலைக்கு மேலே குறை பேசாதீர்கள்.

காயம் எதுவானாலும் அன்றே எழுத்தில்: எப்போது, எங்கே, எப்படி, என்ன முதலுதவி. கடித்தது அல்லது தள்ளியது இன்னொரு பிள்ளை என்றால் அதன் பெயரைச் சொல்லக்கூடாது. தலையில் அடிபட்டால் பிள்ளை உடனே விளையாடப் போய்விட்டாலும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள், கிளம்பும் நேரம் வரை வைத்திருக்க வேண்டாம்.

எட்டாம் படி: வாரக் கடைசியில் நாற்பது நிமிடம்

திங்கள் முதல் வெள்ளி வரை பெயரிட்ட ஐந்து தட்டுகள். வாரத்தின் கடைசி நாள், பிள்ளைகள் போனபின், அடுத்த வாரத்தின் கதைப் புத்தகம், வெட்டிய தாள்கள், சிறு குழுவுக்கான பொருள் ஆகியவற்றை அந்தந்த நாளின் தட்டில் எண்ணி வைத்துவிடுங்கள். இருபது பேருக்கு இருபத்திரண்டு. இரண்டு கட்டாயம் கிழியும். காலையில் தயாரிக்கலாம் என்று விட்டால், காலையில் ஒரு பெற்றோர் பேச வருவார், ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும், தயாரிப்பு பிள்ளைகளின் கண் முன்னால் நடக்கும்.

அதே நாற்பது நிமிடத்தில் முடிந்துபோன மார்க்கர்களைக் கழித்து, பசை, டிஷ்யூ, கையுறை இருப்பைப் பார்த்து, மாற்று உடைப் பெட்டியில் இரண்டு அளவுகளில் மும்மூன்று உள்ளாடையும் கால்சட்டையும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

கடைசியாக, நீங்கள் வராத நாளுக்கு ஒரு ஃபைல். வகுப்புச் சுருக்கத் தாள், நாள் அட்டவணை, எடுத்துவைக்கும் பாட்டின் வரிகள், அவசரப் பை இருக்கும் இடம், யார் யாரை யார் அழைத்துப்போவார்கள் என்ற பட்டியல், எந்த நாளிலும் நடத்தக்கூடிய இரண்டு கதையும் இரண்டு விளையாட்டும். புதிதாக வருபவர் ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கும் அளவுக்கு நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். அதை உங்கள் பூட்டிய டிராயரில் வைக்காதீர்கள்.